பழைய போனுக்குப் புது உயிர்... அழிப்பதற்கு முன் அம்மா கேட்ட ஒரு கேள்வி!

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. வீட்டின் முன்னறையிலேயே தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார் அந்த அம்மா. அவருடைய கடைக்குப் போர்டு கிடையாது. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவார்கள். வருபவர்கள் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, கழுத்து டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். யாருக்கு எந்தக் கழுத்து, யாருக்கு எப்போது கல்யாணம், யார் இன்னும் பாக்கி தரவில்லை... எல்லாமே அவருடைய போனில்தான் இருக்கிறது.

அந்த போன் 2017-ல் வாங்கியது. 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். ஆண்ட்ராய்டு 7-ல் வந்து, ஒரே ஒருமுறை அப்டேட்டாகி 8-க்கு மாறி, அதோடு நின்றுவிட்டது. ஓரத்தில் ஒரு கீறல். போன வருடம் 600 ரூபாய்க்கு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மற்றபடி கல்லுப் போல இருந்தது.

ஆனால், அதற்குள் இருந்த சாஃப்ட்வேர் தளர்ந்துபோயிருந்தது. டிசைன் போட்டோவைத் தொட்டால் திறப்பதற்குள் வந்தவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்துவிடுவார். ஒருநாள் பேங்க் ஆப் ஒரேயடியாகக் கையை விரித்தது. ‘உங்கள் போனில் உள்ள ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அதுவும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. தையல்காரர்களுக்கு ஐப்பசியை விட்டால் வேறு சீசன் ஏது? நூல், லைனிங் துணி வாங்கிய கடைக்குப் பணம் போட முடியவில்லை. அப்பா லாரி ஓட்டப் போனவர், ராய்ச்சூர் பக்கம் எங்கோ இருந்தார். புது போன் என்றால் குறைந்தது 10,000 ரூபாய். அந்தப் பணம் மகளின் கடைசி செமஸ்டர் ஃபீஸுக்காக எடுத்து வைத்தது.

“தை பொறக்கட்டும், பாத்துக்கிடலாம்” என்றார் அம்மா.

மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. “அதுவரைக்கும் என்னம்மா செய்வ? நா சரி பண்ணித் தாரேன்” என்றாள்.

கடை கைவிட்ட போனை யார் பார்ப்பது?

மகள் சொன்னது ‘கஸ்டம் ரோம்’ பற்றி. போனைத் தயாரித்த நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்திய பிறகு, வேறு யாரோ தங்கள் சொந்த நேரத்தில் அந்த மாடலுக்காகத் தயார் செய்யும் ஆண்ட்ராய்டு பதிப்பு அது.

இது சாத்தியமாகக் காரணம், ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதுதான். எவரும் எடுக்கலாம், மாற்றலாம். முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது 2008-ல். அடுத்த ஆண்டே, சயனோஜென் என்ற புனைபெயரில் இயங்கிய ஸ்டீவ் கான்டிக் அந்த போனுக்கான தன்னுடைய பதிப்பை வெளியிட்டார். அதுதான் ‘சயனோஜென்மோட்’. அதில் ஜிமெயில், மேப்ஸ் போன்ற ஆப்களையும் சேர்த்துக் கொடுத்ததற்கு 2009 செப்டம்பரில் கூகுளிடமிருந்து சட்டப்பூர்வக் கடிதம் வந்தது. கூகுள் ஆப்கள் அதன் சொத்து, திறந்த நிரல் அல்ல. கஸ்டம் ரோம் போடுகிறவர்கள் இன்றைக்கும் கூகுள் ஆப்களைத் தனி ஃபைலாகப் போடும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

சயனோஜென் பிறகு கம்பெனியாகி, 2014-ல் ஒன்பிளஸ் ஒன் போனிலேயே அதன் சாஃப்ட்வேர் கடைக்கு வந்தது. 2016 டிசம்பரில் அந்தக் கம்பெனி சேவையை நிறுத்தியது. தன்னார்வலர்கள் மட்டும் விடவில்லை. ‘லினேஜ் ஓஎஸ்’ என்ற புதுப் பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

லினேஜ் ஓஎஸ்ஸின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சில மாடல்கள் இருக்கும். அந்த மாடலைக் கவனிக்க ஒருவர் பொறுப்பேற்றிருப்பார். பட்டியலில் இல்லாத மாடலுக்கு, எங்கோ ஒரு ஊரில் ஒருவர் அதே போனை வைத்துக்கொண்டு, அவராகவே ஒரு பதிப்பைச் செய்து போட்டிருப்பார். அது ‘அன்அஃபிஷியல்’. அதற்குக் கியாரண்டி கிடையாது. அவருக்கு வேலை மாறினாலோ, அந்த போன் கீழே விழுந்து உடைந்தாலோ கதை முடிந்தது.

அம்மாவின் போனுக்கு இருந்தது இரண்டாவது வகை. ஆண்ட்ராய்டு 12.

மகள் இதையெல்லாம் விளக்கியபோது அம்மா ஒரு பழைய ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இதே கததான். உள்ள துணி விட்டுத் தச்சிருந்தாதான் பின்னால பிரிச்சு விட முடியும். சிலவொ ஒட்ட வெட்டிருவாவொ. அது அத்தோட போச்சு” என்றார்.

உண்மைதான். சில நிறுவனங்கள் போனின் ‘பூட்லோடர்’ பூட்டைத் திறக்க அனுமதிக்கின்றன. சில, விண்ணப்பித்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கின்றன. சில நிறுவனங்கள் அடியோடு மறுத்துவிடுகின்றன. பூட்டு திறக்காத போனில், எத்தனை நல்ல ரோம் இருந்தாலும் போட முடியாது. இந்த போனுக்குக் காத்திருந்து வாங்கும் அனுமதி இருந்தது. மகள் விண்ணப்பித்தாள். கிடைத்தது. ஆனால், சீசன் நேரத்தில் போனில் கை வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 3 மணி

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தாள் மகள். கேமரா போட்டோக்கள், வாட்ஸ்அப் ஃபோல்டர், டவுன்லோடுகள் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்தாள். வாட்ஸ்அப் சாட் பேக்கப் எடுத்தாள். போன் நம்பர்கள் ஜிமெயிலில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.

செட்டிங்ஸில் போய் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதற்குள் இருந்த பூட்டுத் திறப்பு அனுமதியை ஆன் செய்தாள். போனை ஆஃப் செய்து, கேபிளில் மாட்டி, லேப்டாப்பில் ஒரு வரி அடித்தாள்.

போன் திரையில் எச்சரிக்கை வந்தது. பூட்டைத் திறந்தால் போனில் உள்ள தகவல் அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா? வால்யூம் பட்டனால் ‘யெஸ்’ஸுக்கு நகர்த்தி, பவர் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவே.

இந்த அழிப்பு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. போனைத் திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, திறக்கும்போதே எல்லாம் துடைக்கப்படுகிறது. அழிந்தால் அழிந்ததுதான். எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

மகள் ‘யெஸ்’ஸுக்கு நகர்த்திவிட்டாள். விரல் பவர் பட்டன் மேலே.

“என்னட்டி கேக்கு?” என்றார் அம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எல்லாத்தையும் அழிச்சிருவேன், சரியான்னு கேக்கும்மா. அதான் எல்லாம் லேப்டாப்ல எடுத்தாச்சுல்லா.”

“ஆச்சி பேசுனதுமா?”

மகளின் விரல் அப்படியே நின்றது.

“ஆச்சி என்ன பேசுனா?”

மெஷின் நின்றது. அம்மா சொன்னார். ஆச்சி இறப்பதற்கு முந்தின வருடம், 2020 ஊரடங்கின்போது, ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து சொதி வைக்கிற பக்குவம் சொன்னார்களாம். அதை வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருக்கிறாராம். பிறகு இன்னும் மூன்று முறை, சும்மா பேசியதை. வாட்ஸ்அப்பில் இல்லை. யாருக்கும் அனுப்பவில்லை. இந்த போனில் மட்டும்.

“எனக்குத் தெரியவே தெரியாதேம்மா.”

“தூக்கம் வராத அன்னைக்குக் கேப்பேன். அதப் போயி எல்லார்ட்டயும் சொல்லணுமா?”

மகள் வால்யூம் பட்டனை மறுபடி அழுத்தி ‘நோ’வுக்கு வந்தாள். போன் பழையபடி ஆன் ஆனது. ரெக்கார்டர் ஆப்பின் ஃபோல்டர், அவள் காப்பி செய்த எதிலும் இல்லை. உள் ஸ்டோரேஜில் தனியாகக் கிடந்தது. நான்கு ஃபைல்கள். பெயர் கிடையாது, தேதி மட்டும்தான்.

முதல் ஃபைலைத் தொட்டாள். அடுப்பு எரிகிற சத்தம். ஒரு இருமல். ‘மொதப் பால, ரெண்டாம் பால, மூணாம் பால தனித்தனியா எடுத்து வச்சுக்கிடணும், மொதப் பால கடேசிலதான் ஊத்தணும், ஊத்துனா கொதிக்க விட்டுராத...’ என்று ஆச்சியின் குரல். நடுவில் பூனையை விரட்டுகிறார்கள். கடைசியில், ‘போதும், அத அணைச்சுப்போடு’ என்கிறார்கள்.

அறையில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த நான்கு ஃபைல்களையும் லேப்டாப்பில் போட்டு, ஒரு பென் டிரைவில் போட்டு, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அனுப்பிய பிறகுதான் மகள் மறுபடி கேபிளை மாட்டினாள். இந்த முறை ஃபோல்டர் ஃபோல்டராகப் பொறுக்கவில்லை. உள் ஸ்டோரேஜ் முழுவதையும் அப்படியே அள்ளிக்கொண்டாள்.

பிறகு பவர் பட்டனை அழுத்தினாள்.

பத்துக் கொக்கி நேரம்

பூட்டு திறந்தது. ‘ரெக்கவரி’ என்ற சின்ன சாஃப்ட்வேரை ஏற்றி, அதன் வழியாக ரோம் ஃபைலையும் கூகுள் ஆப் ஃபைலையும் ஏற்றினாள். கூகுள் ஆப்களை முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு சேர்த்தால் தகராறு செய்யும்.

ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரையில் லோகோ வந்தது. அசைந்துகொண்டே இருந்தது.

முதல்முறை ஐந்து, பத்து நிமிடம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க ஆரம்பித்தார். ஆறு கொக்கியும் தைத்து முடித்து, அடுத்த ஜாக்கெட்டில் நான்காவது கொக்கிக்கு வந்துவிட்டார். லோகோ அசைந்துகொண்டே இருந்தது. பிறகு போன் தானாக அணைந்து, மறுபடி அதே லோகோ.

‘பூட்லூப்.’ உள்ளே போகத் தெரியாமல் வாசலிலேயே சுற்றுவது.

“போயிருச்சா?” என்றார் அம்மா.

“இல்லம்மா, இரு.”

காரணம் எளிது. பழைய ஆண்ட்ராய்டு, போனிலுள்ள தகவல்களைத் தன் பாணியில் பூட்டி வைத்திருந்தது. புதியதால் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. ரெக்கவரிக்குத் திரும்பப் போய் ‘ஃபார்மேட் டேட்டா’ கொடுக்க வேண்டும். அதற்குப் பட்டனை மட்டும் அழுத்தினால் போதாது. ‘யெஸ்’ என்று எழுத்து எழுத்தாக டைப் செய்யச் சொல்லும். யோசிக்க ஒரு நொடி தரத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் போல. மகள் பென் டிரைவை ஒருமுறை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு டைப் செய்தாள்.

ரோமை மறுபடி ஏற்றினாள். நான்கே நிமிடம். தமிழா, ஆங்கிலமா என்று போன் மொழி கேட்டது.

ஓடியது... ஆனால் பேசவில்லை!

வேகம் ஆச்சர்யமாக இருந்தது. தேவையில்லாத ஆப்கள் எதுவும் இல்லை. விளம்பரம் இல்லை. டிசைன் போட்டோ தொட்டவுடன் திறந்தது.

ஆனால், அப்பாவுக்கு போன் போட்டால் போகவில்லை. நெட் வருகிறது, வாட்ஸ்அப் வருகிறது, சாதாரண கால் மட்டும் போகவில்லை.

அம்மாவின் சிம், 4ஜியிலேயே பேசும் நெட்வொர்க்குடையது. அதில் பேச போனில் ‘வோல்ட்டி’ வேலை செய்ய வேண்டும். கீழே இறங்கிப் பிடித்துக்கொள்ள 2ஜி, 3ஜி கிடையாது. அந்த ரோமைச் செய்தவர், ‘வேலை செய்யாதவை’ என்ற பட்டியலில் கடைசி வரியாக வோல்ட்டியைக் குறிப்பிட்டிருந்தார். மகள் கடைசி வரி வரை படிக்கவில்லை. அதே நபர் பிறகு வெளியிட்ட பதிப்பில் அது சரிசெய்யப்பட்டிருந்தது. அதை இறக்கி ஏற்றினாள். இரவு எட்டரைக்கு அப்பாவின் குரல் கேட்டது.

கடைசியாக, எதற்காக இவ்வளவும் செய்தார்களோ, அந்த பேங்க் ஆப்.

முன்பு ‘ஆண்ட்ராய்டு பழையது’ என்று மறுத்த அதே ஆப், இப்போது ‘உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல’ என்று மறுத்தது. கூகுளின் ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்ற சோதனை இருக்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறதா, சாஃப்ட்வேர் கம்பெனி கொடுத்ததுதானா என்று ஆப்கள் அதன் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பல பேங்க் ஆப்கள் அதில் தேறாத போனில் இயங்குவதில்லை. வேடிக்கை என்னவென்றால், பல வருடங்களாகப் பாதுகாப்பு அப்டேட்டே வராத போனை அந்தச் சோதனை ஏற்றுக்கொள்ளும். அண்மைக் காலப் பாதுகாப்பு அப்டேட் ஏறிய கஸ்டம் ரோமை மறுக்கும்.

“மறைக்க வழி இருக்கும்மா. ஒண்ணு ரெண்டு ஃபைல் போட்டா, திறந்திருக்குன்னே ஆப்புக்குத் தெரியாது” என்றாள் மகள்.

அம்மா யோசிக்கவே இல்லை. “வேண்டாம்ட்டி. துட்டு இருக்குற எடத்துல கண்ணாமூச்சி ஆடக் கூடாது.”

அது சரியான முடிவு. அந்த வித்தைகள் இன்று ஓடும், நாளை ஓடாது. அவற்றுக்காகப் போனின் உள்ளுக்குள் முழு அதிகாரம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அதிகாரம் தவறான ஆப்பின் கையில் போனால், பேங்க் கணக்குக்கே ஆபத்து.

இப்போது அந்த வீட்டில் ஏற்பாடு இப்படி. வாடிக்கையாளர் தரும் பணத்துக்கு மெஷின் பக்கத்தில் கியூஆர் அட்டையும், தொகையைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸும். பணம் நேராக பேங்க் கணக்குக்குப் போய்விடும், அம்மாவின் போன் தேவையில்லை. நூல் கடைக்கு மகள் தன் கணக்கிலிருந்து போடுவாள், அம்மா அவளிடம் ரொக்கமாகக் கொடுப்பார். செமஸ்டர் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. தை வந்தபோது அம்மாவே, “இது ஓடுதே, என்னத்துக்குப் புதுசு?” என்று கேட்டார்.

எத்தனை நாள் ஓடும்? அது அந்த முகம் தெரியாத நபரின் கையில். இன்னொரு குறையும் உண்டு. ரோம் செய்பவர் ஆண்ட்ராய்டின் ஓட்டைகளைத்தான் அடைக்க முடியும். போனின் சிப்புக்கான சாஃப்ட்வேரில் ஓட்டை இருந்தால், அதை அடைக்க வேண்டியவர்கள் சிப் கம்பெனியும் போன் கம்பெனியும்தான்.

காலம் கொஞ்சம் மாறிவருகிறது. 2023-ல் பிக்சல் 8 போனுக்கும், 2024-ல் கேலக்ஸி எஸ்24 போனுக்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அவற்றின் நிறுவனங்கள் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் சாஃப்ட்வேர் அப்டேட் கிடைக்க வேண்டும் என்கின்றன. ஆனால், 10,000 ரூபாய் போன் வாங்குகிற நம் வீடுகளுக்கு அந்த நிம்மதி வர இன்னும் நாள் ஆகும்.

நீங்களும் செய்ய நினைத்தால்...

• உங்கள் போனின் மாடல் எண்ணைச் சரியாகப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை இருக்கும். ஒன்றின் ரோம் மற்றொன்றில் போட்டால் போன் எழுந்திருக்காமலே போகலாம்.

• ரோம் குறிப்பில் ‘வேலை செய்யாதவை’ பகுதியை முதலில், கடைசி வரி வரை படியுங்கள். வோல்ட்டி, கேமரா, கைரேகை மூன்றையும் தேடுங்கள்.

• பேங்க், யுபிஐ ஆப்கள் கட்டாயம் வேண்டும் என்றால், உங்களுடைய ஒரே போனில் இதைச் செய்யாதீர்கள்.

• வாரன்ட்டி இருக்கும் போனில் கை வைக்க வேண்டாம்.

• சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். நல்ல கேபிளாக இருக்கட்டும். நடுவில் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

• பேக்கப் எடுக்கும்போது உள் ஸ்டோரேஜை முழுதாக எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. போன வாரம் எதிர்வீட்டு அத்தை தன்னுடைய போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ஏட்டி, எம் போனும் இழுஇழுன்னு இழுக்கு. அம்மைக்குச் செஞ்ச மாரி இதையும் செஞ்சு தா.”

மகள் போனை வாங்கவில்லை. முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்கத்தே. மொதல்ல சொல்லுங்க, இதுல போயிரக் கூடாததுன்னு என்னல்லாம் இருக்கு?”

“ஒண்ணுங் கெடையாதுட்டி, எல்லாம் குப்ப” என்றார் அத்தை. பிறகு போனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“இரு, பாத்துச் சொல்லுதேன்” என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.